கிறுகி நின்று பாடுவோம்: கண்ணகி அம்மன் ஆலய வண்ணக்கர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருக்கிற கண்ணகி அம்மன் ஆலயங்களை நிர்வகிக்கிற வண்ணக்கர் ஐயாமாருக்கும், பரிபாலன சபைகளில் இருந்து ஓடித் திரிகிற அண்ணன் தம்பிமாருக்கும் வணக்கம்.

வைகாசி வருகிறது. இன்னும் கொஞ்ச நாளில் நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பீர்கள், பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் சொல்லிவைப்பீர்கள், யார் கண்ணகி கதையான வழக்குரையைப் படிப்பது, யார் அம்மாளின் கோபத்தைத் தணிக்கிற குளிர்த்தியைப் பாடுவது என்று கூட்டம் வைத்துப் பேசுவீர்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். நான் கேட்க வந்தது சின்ன விஷயம். குளிர்த்தி பாடுகிறவர் அம்மாளைப் பார்த்து நின்று பாடட்டும். சனத்தைப் பார்த்து நிற்கிற அந்த மைக் ஸ்டாண்ட் வாசல் பக்கம் கிறுகி, அதாவது திரும்பி, நிற்கட்டும். அவ்வளவுதான். ஆனால் ஏன் கேட்கிறேன் என்று சொல்லப் போனால் அது என் சொந்தக் கதையாகிவிடும். அதில் சொல்ல வெட்கப்படுகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. இருந்தாலும் சொல்கிறேன், சொல்லாமல் கேட்டால் நீங்கள் ஏன் கேட்கப் போகிறீர்கள்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரன். 1996 முதல் 2017 வரை, 22 வருடம் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் குளிர்த்தி பாடினேன். எனக்கு முன்னால் பாடியவர் என் பெரியப்பா.

அவர் பாடிய காலத்தில் எங்கள் ஊருக்கு மின்சாரம் வரவில்லை. பெற்றோல்மக்ஸ் இரண்டு எரியும், மற்றதெல்லாம் தேங்காயெண்ணெய் விளக்கு. வருடத்துக்கு ஒரு தரம் வைகாசியில் கோயில் கதவு திறக்கும். திறந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் வழக்குரை படித்து, கல்யாணக்கால் நட்டு, கடைசி இரவு குளிர்த்தி. பெரியப்பா வாசலுக்கு நேரே, பூசை செய்கிற கட்டாடியாருக்குப் பின்னால் மூன்று நாலு முழம் தள்ளி நிற்பார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். பாடத் தொடங்கினால் கண் அம்மாளை விட்டு அசையாது. பின்னால் ஊரே குந்தியிருக்கும், அவருக்கு அது தெரியாது. பகலில் அவர் நிலச் சொந்தக்காரரான ஒரு போடியாருடைய வயலில் வேலை பார்க்கிற முல்லைக்காரனாக இருந்தவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் மாசி மாதமே அந்தப் பழைய கொப்பியை எடுத்துவிடுவார். வேளாண்மைக் காவலுக்குப் போகிற இரவுகளில் பரணில் இருந்து ஒவ்வொரு வரியாகத் தேய்ப்பார். நான் அவரோடு கூடப் போய்ப் பரணில் படுத்துக் கிடந்திருக்கிறேன், ஒரே அடியை நாற்பது தரம் ஐம்பது தரம் கேட்டுக் கேட்டு நித்திரையாகியிருக்கிறேன்.

யாராவது வந்து “நல்லாப் பாடின” என்றால் அவருக்குக் கோபம் வராது, வெட்கமும் வராது, “அது அம்மாள்ர சாமான், நான் வெச்சுத் தந்தன்” என்பார். அறுவடை முடிந்து போடியாருடைய நெல்லை அளந்து கொடுக்கிறபோதும் இதே சொல்லைத்தான் சொல்லுவார் என்று பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது: “போடியார்ர சாமான், நான் வெச்சுத் தந்தன்.” நெல்லுக்கும் குரலுக்கும் அவரிடம் ஒரே கணக்கு.

என்னை ஆறு வருடம் பின்பாட்டுப் பாட மட்டும்தான் விட்டார். எனக்குக் குரல் இருந்தது, அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். “எப்ப பெரியப்பா முன்பாட்டு தருவீங்க?” என்று கேட்டால், “கேக்கிறது நிக்கட்டும், தாறன்” என்று சொல்லுவார். நான் கேட்பதை நிறுத்தவில்லை, அவர் செத்துப்போனார். அடுத்த வைகாசியில் முன்பாட்டு என் கைக்கு வந்தது.

மறுகா மின்சாரம் வந்தது. மின்சாரத்தோடு மைக் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஸ்பீக்கர் பெட்டி வாங்கித் தந்தார்கள், நல்ல மனதோடுதான் தந்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. மைக்கை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. கூட்டங்களில் எப்படி வைப்பார்களோ அப்படியே சனத்தைப் பார்த்து வைத்தார்கள். நான் அதற்குப் பின்னால் போய் நின்றேன். கோயில் வாசல் என் முதுகுப் பக்கம் போனது. அன்றைக்கு அது ஒரு பெரிய மாற்றமாக ஒருவருக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை. குரல் ஊர் முழுக்கக் கேட்டது, வாவிக்கு அக்கரையில் எழுவான்கரையிலும் கேட்டதாம் என்று ஒருவர் வந்து சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்தது.

நிமிர்ந்த நெஞ்சு அதற்குப் பிறகு இறங்கவேயில்லை. ஒரு வருடம் பொன்னாடை, அடுத்த வருடம் ஒரு பட்டம், பட்டத்தோடு நோட்டீசில் என் பெயர், நோட்டீசுக்குப் பிறகு வீதியில் என் படம் போட்ட பதாகை. குளிர்த்தியின் நடுவில் எந்த இடத்தில் குரலை இழுத்தால் பெண்டுகள் அழுவார்கள், எந்த இடத்தில் நிறுத்தினால் சிறுசுகள் போனைத் தூக்கிப் பிடிப்பார்கள் என்று எனக்கு மனப்பாடம். பாட்டின் பொருளுக்கும் அந்த இழுப்புக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. அம்மா குளிர வேண்டும் என்று பாடுகிற இடத்தில் நான் சனம் சூடேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு வருடம் நோட்டீசில் என் பெயர் விடுபட்டுப்போனது. அச்சகத்தில் நடந்த பிழை, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நான் வீட்டில் இருந்துவிட்டேன். குளிர்த்திக்கு நேரம் வந்துவிட்டது, கட்டாடியார் கும்பத்து நீரோடும் வேப்பிலையோடும் காத்துக்கொண்டு நிற்கிறார், அப்போதும் நான் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தேன். அந்த வண்ணக்கர் ஐயா, இன்று உயிரோடு இல்லை, எழுபது வயது மனுசன், இருட்டில் நடந்து வந்து என் கையைப் பிடித்துக் கூப்பிட்டார். போனேன். போகிற வழியில் எனக்கு வெற்றி பெற்ற மாதிரித்தான் இருந்தது. அன்று நான் காக்க வைத்தது வண்ணக்கரை என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்று இதைவிட மோசம். என்னோடு பின்பாட்டுப் பாட ஒரு பொடியன் வந்துகொண்டிருந்தான், பதினாலு பதினைந்து வயது, தகப்பன் கூலி வேலை. நல்ல சாரீரம், என்னுடையதைவிட நல்லது என்று இன்று சொல்லலாம், அன்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு குளிர்த்தி இரவில் அவன் தன்னை மறந்து பாடி, என் அடி முடிவதற்குள் தன் அடியை எடுத்துவிட்டான். சனம் அவன் பக்கம் திரும்பியது. நான் மைக்கைக் கையால் பொத்தி, அவனை முழங்கையால் பின்னுக்குத் தள்ளினேன். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு தள்ளு, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவன் கவனித்தான். அடுத்த வருடம் அவன் வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை. இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் மறந்து போச்சு மாமா” என்றான். மறக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. அவன் இப்போது பாடுவதில்லை.

2018 மாசியில் எனக்குக் குரல் கம்மத் தொடங்கியது. வைத்தியர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுக் குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார், ஆறு மாதம் பாட்டு வேண்டாம், சத்தமாகப் பேசவும் வேண்டாம் என்றார். ஊரில் சிலர் இதை அம்மாள் கொடுத்த தண்டனை என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, அப்படி நினைப்பதும் ஒருவிதப் பெருமைதான் என்று எனக்குப் படுகிறது, தன்னைத் தண்டிப்பதற்கென்று தெய்வம் நேரம் ஒதுக்கியிருக்கிறது என்று நினைக்கிற பெருமை. வருடக்கணக்காகத் தொண்டையை நெரித்துக் கத்தினால் முடிச்சு விழும். அவ்வளவுதான் காரணம், வைத்தியர் தெளிவாகச் சொன்னார்.

ஆனால் அந்த வைகாசியில் நான் முதல் முறையாகக் கோயில் முற்றத்தில், பின்வரிசையில், சனத்தோடு சனமாக மண்ணில் குந்தியிருந்தேன். வேறு ஊரிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான மனுசி, எங்கள் ஊர்தான், காலையில் இடியப்பம் விற்கிறவர். பாட்டுத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைத்தார். சத்தம் வெளியே வரவில்லை. நான் சாய்ந்து கேட்டேன். ஒரு சொல் பிசகாமல் குளிர்த்தி முழுவதையும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார், பாடுகிறவர் விட்ட இரண்டு வரிகளையும் சேர்த்து. அந்த இரண்டு வரிகளை நானும் வருடக்கணக்காக விட்டுவந்திருக்கிறேன், அவை நீளம், சனத்துக்கு அலுப்பு வரும் என்று.

முடிந்த பிறகு “எங்கயம்மா பாடம் பண்ணின?” என்று கிசுகிசுத்தேன், அவ்வளவுதான் குரல் வந்தது.

“உன்ட பெரியப்பா பாடக்குள்ள கேட்டது மனே” என்றார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “அவர அம்மாளுக்குத் தெரியும். நீயும் இத்தின வருசம் பாடின, உன்ட முகம் அம்மாளுக்குத் தெரியாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பரிதாபமாகச் சொன்னார்.

நான் எழும்பிப் போய் அந்த மைக் ஸ்டாண்டைப் பார்த்தேன். 22 வருடம் பாடியிருக்கிறேன். மைக் வந்த பிறகு ஒரு வருடம்கூட, குளிர்த்தி பாடுகிற நேரத்தில் நான் அம்மாளின் முகத்தைப் பார்த்ததில்லை. வருடத்தில் ஒரு தரம்தான் அந்தக் கதவு திறக்கிறது, அந்த ஒரு தரமும் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஐயாமாரே, இதுதான் நான் வந்த வழி. இனி உங்களிடம் பேசுகிறேன்.

குளிர்த்தியை யாருக்குப் பாடுகிறோம் என்று ஒரு தரம் யோசியுங்கள். ஒற்றைச் சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தலைவிரி கோலமாக அரசனின் வாசலில் போய் நின்ற ஒரு பெண்ணுக்கு. அவளுக்குப் பட்டமும் இல்லை, பரிவாரமும் இல்லை. எதிரே முடி, கொடி, சிம்மாசனம் எல்லாம் உள்ள பாண்டியன். சிலம்பு உடைந்தது, மாணிக்கப் பரல் தெறித்தது, தான் செய்த பிழையை அவன் அறிந்த அந்த இடத்திலேயே அவனுடைய குடையும் செங்கோலும் ஒன்றுமில்லாமல் போயின. அதற்குப் பிறகும் ஆறாத அந்த நெருப்பைத் தணிக்கத்தான் எங்கள் முன்னோர் குளிர்த்தி பாடினார்கள், மழை பெய்யவும் அம்மை நோய் அண்டாமலும் கையெடுத்துக் கெஞ்சினார்கள். அப்படிப்பட்டவளின் வாசலில் நின்று நாங்கள் ஒருவருக்கொருவர் பட்டம் சூட்டிக்கொள்கிறோம். யார் முன்னால் நிற்கிறோம் என்று தெரிந்தால் செய்வோமா?

அந்தப் பாட்டை இயற்றியவரின் பெயரைக் கேட்டால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஏட்டிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து கொப்பிக்கும் எழுதி எழுதி எங்கள் கைக்கு வந்திருக்கிறது. எழுதியவர் பெயர் போடாமல் விட்ட பாட்டைப் பாடியதற்கு நான் பதாகை கட்டுவித்தேன்.

எங்கள் மண்ணின் வழிபாடு முழுக்க ஆள் மறைகிற வழிபாடு. இதை நான் பின்வரிசைக்குப் போன பிறகுதான் கண்டேன். மண்டூர் முருகன் கோயிலுக்கு எத்தனை தரம் போயிருக்கிறேன்! அங்கே கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, ஒரு மந்திரமும் சொல்லாமல் மௌனமாகப் பூசை செய்கிறார். உலகத்தில் எத்தனை கோயில்களில் பூசை செய்பவரின் வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள்? மூச்சுக்காற்று பட்டுவிடக் கூடாது என்று விளக்கம் சொல்வார்கள். எனக்கு இப்போது அதில் வேறொன்றும் தெரிகிறது, கடவுளுக்கு மிகக் கிட்டப் போகிறவனுக்குத்தான் சொந்தச் சத்தம் முதலில் அடங்க வேண்டும். அதேபோல் கதிர்காமத்தில் திரைக்குப் பின்னால்தான் எல்லாம் நடக்கிறது, பூசை செய்கிற கப்புறாளை உள்ளே என்ன செய்கிறார் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது, அவருடைய திறமையை யார் பார்த்துக் கைதட்டுவது?

பாதயாத்திரை போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உகந்தை மலையடியில் கும்பிட்டுக் குமண காட்டுக்குள் கால் வைத்துவிட்டால், கதிர்காமம் போய்ச் சேரும்வரை ஒருவருக்கும் பெயர் கிடையாது. எல்லோரும் சாமி. “சாமி, தண்ணி இருக்கா சாமி?” வைத்தியரும் சாமி, கூலிக்காரரும் சாமி, பேரப்பிள்ளையும் சாமி. நான் போனபோது என் பட்டத்தைக் காட்டுக்குள்ளும் கொண்டுபோனேன், வியாழையில் இரவு தங்கியபோது யாரோ பஜனை தொடங்க, நான் முந்திக்கொண்டு எழும்பி என் குரலைக் காட்டினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் ஒரு கிழவர் “சாமி நல்லா நித்திர கொண்டீங்களா சாமி?” என்று மட்டும் கேட்டார். என் பாட்டைப் பற்றி ஒரு சொல் வரும் என்று வள்ளியம்மன் ஆறு வரைக்கும் காத்துக்கொண்டு நடந்தேன். வரவில்லை.

இது எங்கள் சமயத்துக்கு மட்டும் உரியது என்றும் நான் நினைக்கவில்லை. காத்தான்குடியில் கடை வைத்திருக்கிற என் கூட்டாளி ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “எங்கட இமாமும் சனத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிக்கிறார், அவரும் நாங்களும் ஒரே பக்கம்தானே பாக்கிறம்” என்றார். பழைய கத்தோலிக்கக் கோயில்களிலும் பாடகர் குழு பின்னால், மேல் மாடத்தில் நிற்கும், குரல் மட்டும் இறங்கி வரும், யார் பாடுகிறார் என்று பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். எல்லாருடைய முன்னோருக்கும் ஒரே பயம் இருந்திருக்கிறது என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

வாவியையே எடுங்கள். மீன்பாடும் தேனாடு என்று பெயர் வாங்கியிருக்கிறோம். கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள். மீன் என்பார் சிலர், ஊரி என்கிற நீர்நத்தை என்பார் சிலர். பாடுகிறது எது என்று பார்த்தவர் இல்லை. ஒரு நாட்டுக்கே பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு அது.

இந்த இடத்தில் ஒருவர் என்னை மறிப்பார் என்று தெரியும், ஏற்கனவே ஒரு சபைச் செயலாளர் தம்பி மறித்தும் இருக்கிறார். “அண்ணன், பிள்ளைகளை உற்சாகப்படுத்தாவிட்டால் அடுத்த தலைமுறையில் யார் வந்து பாடுவது? பெயர் போட்டால்தான் வருகிறார்கள்.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குளிர்த்தி பாட ஆள் இல்லாமல் பதிவு செய்ததைப் போட்டு ஒலிக்கவிடுகிற நாள் வந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கும் உண்டு. அதற்காகப் பிள்ளைகளைப் பாராட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பாராட்டுங்கள், கலை விழாவில் பரிசு கொடுங்கள், வீட்டுக்குக் கூப்பிட்டு வயிறு நிறையச் சாப்பாடு போடுங்கள். கதவு திறந்திருக்கிற அந்த நாட்களில், அந்த முற்றத்தில் மட்டும் வேண்டாம். அங்கே எல்லாரும் வாங்க வந்தவர்கள்.

இன்னொன்றும் அந்தத் தம்பிக்குச் சொன்னேன். பணிவு என்றால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிவதல்ல. “நான் என்ன பெரிசாப் பாடுறன்” என்று நானும்தான் சொல்லியிருக்கிறேன், எதிரில் நிற்பவர் “இல்லை இல்லை, உங்களை விட்டால் யார்” என்று சொல்லட்டும் என்பதற்காகவே சொல்லியிருக்கிறேன். குரல் இருந்தால் இருக்கிறது. இல்லை என்று சொல்வது கொடுத்தவளைப் பொய்யாக்குவது. பெரியப்பா தன் குரல் நல்லது என்று தெரியாதவர் இல்லை, தெரிந்ததால்தான் பரணில் இருந்து நாற்பது தரம் தேய்த்தார், அடுத்தவரின் நெல்லைக் காவல் காக்கிறவன் நித்திரை முழிக்கிற மாதிரி.

படித்தவர்களுக்கு வேறு உதாரணம் வேண்டுமானால் காரைதீவுக்குப் போங்கள். கண்ணகி அம்மன் குடியிருக்கிற அதே ஊரில் 1892இல் பிறந்த மயில்வாகனம், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையை 1916இல் பாஸ் பண்ணியவர், விஞ்ஞானப் பட்டதாரி, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவ்வளவு திறமைக்கும் நடுவில் 1924இல் துறவு வாங்கி, பெற்றவர்கள் வைத்த பெயரையே கழற்றி வைத்துவிட்டார். விபுலாநந்தர் என்று உலகம் அறிந்தது அதற்குப் பிறகு. கல்லடி உப்போடையில் அவர் 1929இல் தொடக்கிய பள்ளிக்கூடத்துக்கு என்ன பெயர்? சிவானந்தா. அவருடைய குருவின் பெயர். வருடக்கணக்காக உழைத்துப் பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து எழுதினார், அந்த நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது, ஜூலையில் அவர் போய்விட்டார். புகழை அனுபவிக்க ஒரு மாதம் கொஞ்சம் கூடத்தான் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கூட வளவில்தான் அவருடைய சமாதி இருக்கிறது. இறைவன் கேட்பது எந்தப் பூ என்று கேட்டு, உள்ளம் என்கிற தாமரைதான் என்று பதில் சொல்கிற அவருடைய பாட்டை அதில் பொறித்திருக்கிறார்கள். நான் சின்னப் பிள்ளையாக அதை மேடையில் ராகத்தோடு பாடிப் பரிசு வாங்கியவன். பூ வேண்டாம், உள்ளத்தைக் கொடு என்கிற பாட்டுக்கு முதலாம் இடம். அப்போது பொருள் ஏறவில்லை.

பாடுகிற இளம் பிள்ளைகளுக்கும் இரண்டு சொல். தம்பிமாரே, தங்கச்சிமாரே, வாசலில் நின்று லைவ் போடாதீர்கள் என்று சொல்லி உங்களைத் திட்ட நான் வரவில்லை. என் காலத்தில் அந்தப் போன் இருந்திருந்தால் நான் எல்லாரையும்விட முதலில் போட்டிருப்பேன். நான் சொல்ல வருவது வேறு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்கினால் அந்த எண்ணிக்கை ஒரு நாளும் போதாது. எனக்கு முற்றம் நிறைந்த சனம் போதவில்லை, எழுவான்கரைக்குக் கேட்டதும் போதவில்லை. அந்த இடியப்பக்கார அம்மாவுக்கு ஒருவரும் கேட்காமலே போதுமாக இருந்தது. அவரிடம் இருந்த அந்த நிறைவு எனக்கு ஒரு இரவாவது கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். கோயிலுக்குப் போகுமுன் ஒரு தரமாவது, யாரும் இல்லாத வயல் வரம்பில் நின்று அந்தப் பாட்டை முழுவதும் பாடிப் பாருங்கள், நீளமான வரிகளையும் விடாமல்.

ஐயாமாரே, மற்றதெல்லாம் உங்கள் ஊர் வழமை. ஊருக்கு ஊர் சடங்கு முறை வேறு, இதில் கை வைக்க நான் யார். நோட்டீசில் பெயர் போடுவதா இல்லையா என்பதையும் நீங்களே முடிவு பண்ணுங்கள். என்னைக் கேட்டால் சடங்கின் நேரம் மட்டும் போதும், குளிர்த்தி எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் சனம் வரும். பொன்னாடை போர்த்தத்தான் வேண்டும் என்றால் சடங்கு முடிந்து, கதவு சாத்திய பிறகு, வாசலுக்கு வெளியே வைத்துப் போர்த்துங்கள். பின்பாட்டுப் பாட வருகிற பிள்ளைகளை யாரும் தள்ளிவிடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், அவர்கள் ஒரு அடி முந்தினால் முந்தட்டும். மைக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வயதானவர்கள் பின்னால் இருந்து கேட்க வேண்டுமே. பாடுகிறவரின் முகம் அம்மாளைப் பார்த்து இருக்கட்டும், ஸ்பீக்கர் சனத்தைப் பார்த்து இருக்கட்டும். இதனால் ஒரு சதம் கூடச் செலவில்லை.

எங்கள் ஊர்ச் சபைக்குத் தனியாக ஒன்று. என் குரல் பாதி திரும்பியிருக்கிறது. முன்பாட்டுக்கு என்னைக் கூப்பிட யோசிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், வேண்டாம். பின்பாட்டுக்கு இடம் இருந்தால் ஓரத்தில் நிற்கிறேன், மைக் தேவையில்லை. ஆறு வருடம் நின்ற இடம்தான், எனக்குப் பழக்கம்.

கதவு திறக்கிற அன்று பின்னேரமே வந்துவிடுவேன். அந்த மைக் ஸ்டாண்டை ஒரே இடத்தில் வைத்து வைத்து அதன் அடியில் ஆணி துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, கையால் கழற்ற வராது. சாவி நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு பின்பாட்டுக்காரன்